சாயல்குடிப் பக்கம் கதண்டுக் கூடு அகற்றும் சேவை: எங்கள் அனுபவம்

எங்கள் வீட்டை ஒட்டிய பனையில், மட்டைகளுக்கு நடுவே பெருத்திருந்த கதண்டுக் கூட்டை அகற்ற ராமநாதபுரத்திலிருந்து ஒரு தனியார் குழுவை வரவழைத்தோம். ஒரு குறை இருந்தபோதிலும், நம்பி அழைக்கலாம் என்று சொல்லத்தக்க சேவை இது.

வந்தவுடன் மருந்தடிக்கத் தொடங்காமல், கூடு எப்போது கண்ணில் பட்டது, அடியில் ஆடு மாடு கட்டுகிறோமா என்றெல்லாம் விசாரித்தார்கள். தொடக்கத்தில் ராணி மட்டும் தனியாக மரநாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, சில அறைகளைக் கட்டி முட்டையிடும் என்றும், முதல் வேலைக்காரக் குளவிகள் வெளிவந்து இரை தேடும் பொறுப்பை ஏற்ற பிறகே கூடு மளமளவென்று வளரும் என்றும் குழுவின் மூத்தவர் விளக்கினார். இரை தேடிப் போனவை கூடடைந்து, நன்றாக இருட்டிய பிறகே, உடல் முழுவதும் மூடிய உடையுடன் மரத்தில் ஏறினார்கள். தீப்பந்தம் கொளுத்தலாமே என்று பக்கத்தில் சிலர் சொன்னதற்கு அவர்கள் இணங்கவில்லை. கடற்காற்று வீசும் இடத்தில், காய்ந்த ஓலை தொங்கும் தோப்பில் அது மிகச் சரியான முடிவு. வாசலை அடைத்து மருந்துத்தூளை உள்ளே செலுத்தினார்கள்.

மறுநாள் காலையில் இறக்கிய கூட்டைப் பிளந்து காட்டினார்கள். காகிதம் போன்ற பழுப்பு உறைக்குள், சிறு தூண்களில் அடுக்கடுக்காகத் தொங்கிய தட்டுகளில் அறைகள் யாவும் கீழ்நோக்கித் திறந்திருந்தன. சிலவற்றில் புழுக்கள், சிலவற்றின் வாயில் கூட்டுப்புழுவாக மாறுமுன் புழு நெய்த வெள்ளை மூடி. புது ராணிகளும் கொடுக்கில்லாத ஆண்களும் பறந்து சென்றபின் கூட்டம் அழிந்துவிடும், பழைய கூட்டில் மீண்டும் குடியேறுவதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

திண்ணைச் சுவரிலிருந்த மண்குளவிக் கூட்டையும் எடுத்துவிடும்படி கேட்டோம். அது தனித்து வாழ்வது, சிலந்தியைக் கொட்டி முடக்கி அறைக்குள் அடைத்து அதன்மேல் முட்டையிடுவது, கூட்டைக் காக்கப் படையெடுத்து வராது என்று விளக்கி அதை விட்டுவிட்டார். கூடுதல் கூலி கிடைக்கும் வேலையை வேண்டாமென்ற அந்த நேர்மைக்காகவே இவர்களை நான் பரிந்துரைக்கிறேன்.

குறை என்னவென்றால், மருந்து பட்ட தட்டுகளைப் புதைக்காமல் சாக்கில் கட்டி வேலியோரம் வைத்துவிட்டுச் சென்றார்கள். கோழிகள் மேயும் வீட்டில் இது ஆபத்தானது. புதைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூலி மரத்தின் உயரத்தைப் பொறுத்தது. மழை பிடித்துவிட்டால் வழுக்கும் பனையில் ஏற மாட்டார்கள் என்பதால் ஐப்பசிக்கு முன்பே அழைப்பது நல்லது.