டுப்ரோவ்னிக்கா, கோட்டோரா: எந்த மதிலுக்குள் தங்குவது?

அட்ரியாட்டிக் கடலோரம் போகிறவர்களுக்கு ஏஜென்சிகள் விற்பது பெரும்பாலும் ஒரே திட்டம்தான். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் மூன்று நான்கு இரவு, அதில் ஒரு நாள் பஸ்ஸில் எல்லை தாண்டி மாண்டினீக்ரோவில் இருக்கும் கோட்டோர், சாயங்காலமே திரும்பி வந்துவிடலாம். வரைபடத்தில் தூரம் சுமார் 90 கிலோமீட்டர்தான், அதனால் யாரும் யோசிப்பதில்லை. என் கட்சி இதற்கு நேர் எதிர்: டுப்ரோவ்னிக்குக்கு ஒரு இரவு போதும், மிச்ச நாட்களைக் கோட்டோருக்குக் கொடுங்கள்.

இரண்டுமே மதில் சூழ்ந்த பழைய ஊர்கள், இரண்டும் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை, இரண்டிலும் உள்ளே கார் கிடையாது. அதனால் "ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்த்த மாதிரிதானே" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மதிலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டுப்ரோவ்னிக் மதில் 1,940 மீட்டர். ஊரை முழுசாகச் சுற்றி மூடிய வளையம், சில இடங்களில் 25 மீட்டர் உயரம். மேலே ஒரே திசையில்தான் நடக்க விடுகிறார்கள், கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கூரைகள், நடுவில் நீங்கள். அந்தக் கூரைகளைத்தான் நான் நின்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலான ஓடுகள் பளிச்சென்ற ஆரஞ்சு. நடுநடுவே மங்கிய மஞ்சளும் பழுப்புமாகக் கலந்த ஓடுகள் சில கூரைகளில் தெரியும், அவைதான் பழையவை. ஆரஞ்சில் பெரும்பகுதி, யூகோஸ்லாவியா உடைந்தபோது அதன் ராணுவம் போட்ட 1991-92 முற்றுகைக்கு அப்புறம் வேய்ந்தது. 1991 டிசம்பர் 6 அன்று மட்டும் இந்தப் பழைய ஊரின் மேல் குண்டுகள் கொட்டித் தீர்த்தன. கூரைகளை ஒரு சுற்றுப் பார்த்தாலே எங்கெல்லாம் அடி விழுந்தது என்று ஓரளவு புரிந்துவிடும், அதற்குத் தனி அருங்காட்சியகம் தேவையில்லை. மதிலுக்குக் கீழே கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருக்கும், யாரோ ஒருவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஆனால் மதிலுக்குள் குடியிருப்பவர்கள் இப்போது இரண்டாயிரத்துக்கும் குறைவு, மற்ற வீடுகள் பெரும்பாலும் வாடகை அறைகள்.

கோட்டோர் மதில் வேறு ஜாதி. அது ஊரைச் சுற்றுவதோடு நிற்காமல் பின்னால் செங்குத்தாக எழும் மலையில் ஏறிப் போகிறது, மொத்தம் சுமார் நாலரை கிலோமீட்டர். உச்சியில் சான் ஜியோவானி கோட்டை, கிட்டத்தட்ட 1,350 படிகள். படி என்றால் நல்ல படி என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் சரளைக்கல் பாவிய சரிவு, ஓரத்தில் தேய்ந்து வழவழப்பான குறுகலான படிகள், கைப்பிடி பல இடங்களில் கிடையாது. மழை பெய்திருந்தால் இறங்கும்போதுதான் தெரியும். பாதி வழியில் 1518இல் கட்டிய மாதா கோயில் ஒன்று வரும். முட்டி வலி உள்ளவர்கள் அதுவரை ஏறித் திரும்பினாலே போதும், முக்கால்வாசிக் காட்சி அங்கேயே கிடைத்துவிடும். கீழே முக்கோணமாக ஊர், அதற்கு அப்பால் கறுப்புக் கண்ணாடி போல வளைகுடா, எதிரே நேராக இன்னொரு மலை.

இங்கே உள்ளே தங்குபவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மலை ஊருக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் சரிவு முழுக்க நிழல். ஏழு எட்டு மணிக்கு ஏற ஆரம்பித்தால் வெயில் முகத்தில் படுவதற்குள் இறங்கிவிடலாம். டுப்ரோவ்னிக்கிலிருந்து வரும் பஸ்கள் ஆளை இறக்குவது பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், சரியாகச் சூரியன் மலையைத் தாண்டி வரும் நேரத்தில். ஜூலை ஆகஸ்டில் அந்த நேரத்துக்கு அந்தப் படிகளை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆக, ஒருநாள் பயணமாக வருபவர்கள் இந்த ஊரின் மிகச் சிறந்த பகுதியைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பூனைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். (பூனைகள் ஊர் முழுக்க உண்டு, அவற்றுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.)

கட்டணத்தில் இரண்டுக்கும் நடுவே எட்டாத தூரம். டுப்ரோவ்னிக் மதிலுக்கு 2025 சீசனில் 40 யூரோ, ரூபாயில் நாலாயிரத்தைத் தாண்டும். அதே விலைக்கு ஒருநாள் பாஸ் வாங்கினால் மதிலோடு அருங்காட்சியகங்களும் டவுன் பஸ்ஸும் சேர்ந்து வரும், எனவே தனி டிக்கெட் வாங்குவதில் அர்த்தமே இல்லை. கோட்டோரில் 15 யூரோ. அதுவும் வேண்டாமென்றால் வடக்கு வாசலைத் தாண்டி, ஸ்குர்தா ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், பழைய கோவேறு கழுதைப் பாதை ஒன்று வளைந்து வளைந்து மலையேறுகிறது. அதற்கு டிக்கெட் கிடையாது, காட்சியும் குறைச்சல் இல்லை.

வரலாற்றில் இவை உண்மையிலேயே எதிரெதிர் அணி. கோட்டோர் 1420 முதல் 1797 வரை வெனிஸின் கையில் இருந்தது, மதிலில் செதுக்கிய சிறகு முளைத்த சிங்கத்தை, அதாவது வெனிஸின் சின்னத்தை, பார்த்தாலே தெரியும். டுப்ரோவ்னிக் அந்தச் சிங்கம் உள்ளே வரக் கூடாது என்று காலம் முழுக்கப் பாடுபட்ட ஊர். 1358இல் வெனிஸை உதறிய பிறகு ரகூசா என்ற பெயரில் தனிக் குடியரசாக, ஒட்டோமான் துருக்கியர்களுக்கு ஆண்டுக்கு 12,500 தங்கக் காசு கப்பம் கட்டிக்கொண்டே எல்லாரோடும் வியாபாரம் பண்ணிக் கொழித்தது. வாசல்களில் சிங்கத்துக்குப் பதில் கையில் ஊரை ஏந்திய காவல் புனிதர் புனித பிளேஸ் நிற்பார். வெனிஸ் பயம் எந்த அளவுக்கு என்றால், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் நிலத்தின் இரு முனையிலும் ஒரு துண்டை ஒட்டோமான்களிடம் விட்டுக்கொடுத்தார்கள், வெனிஸ் எல்லை தங்களைத் தொடாமல் இருக்கட்டும் என்று. வடக்கே கொடுத்த துண்டுதான் இன்று போஸ்னியாவின் ஒரே கடற்கரையான நெயும். அதனால் குரோஷியா இரண்டாகப் பிளந்து கிடந்தது, 2022இல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கும்வரை ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகிறவர்கள் நடுவில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ராஜதந்திரத்துக்கு லாரி டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள்!

இன்னொன்று, 1377இல் கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வருபவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்திவைக்கும் சட்டத்தைப் போட்டதும் இதே டுப்ரோவ்னிக்தான். பின்னாளில் அதற்காகக் கட்டிய லாசரெட்டி கட்டடங்கள் ப்ளோச்சே வாசலுக்கு வெளியே இன்றும் இருக்கின்றன, ஆட்கள் அவற்றைக் கவனிக்காமல் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். வரலாற்றுக்காகப் போகிறவர் என்றால் இந்தச் சுற்றில் டுப்ரோவ்னிக்குக்கே என் ஓட்டு.

கண்ணுக்கு? 1667 நிலநடுக்கம் இரண்டு ஊரையும் போட்டு உலுக்கியது. டுப்ரோவ்னிக் அதற்கப்புறம் தன் பெரிய தெருவான ஸ்ட்ராடுனை ஒரே அளவில், ஒரே கல்லில், திட்டம்போட்டுக் கட்டியது. கடைகளின் முகப்பில் கதவும் கல்லாமேடையும் ஒரே வளைவுக்குள் முழங்கால் மாதிரி மடங்கி இருக்கும், கவனித்துப் பாருங்கள். அழகுதான், கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்கு. கோட்டோரில் அந்த ஒழுங்கு எதுவும் இல்லை. 1166இல் அர்ச்சிக்கப்பட்ட திரைஃபோன் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களில் ஒன்று இன்னும் முடிக்காமலேயே நிற்கிறது. 1195இன் சின்ன லூக்கா கோயிலுக்குள் கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸாருக்கும் தனித்தனிப் பீடம். 1979 ஏப்ரல் 15 நிலநடுக்கத்தில் ஊரே காலியாகி, பழுதுபார்த்து எழ வருஷக்கணக்கில் ஆனது. சந்துகள் எங்கே போகின்றன என்று தெரியாமல் சுற்றி வந்து அதே சதுக்கத்தில் மறுபடி முட்டிக்கொள்வீர்கள்.

கூட்டம் இரண்டிலும் உண்டு, ஆனால் அடங்கும் விதம் வேறு. சொகுசுக் கப்பல்கள் கோட்டோரில் மதிலுக்கு எதிரேயே வந்து நிற்கின்றன, மதிலைவிட உயரமாக. நடுப்பகலில் அந்தச் சின்ன ஊரில் நடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஐந்து ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பியதும் ஊர் சட்டென்று காலியாகிவிடும். டுப்ரோவ்னிக்கில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் விடுவதில்லை என்று 2019இல் கட்டுப்பாடு போட்டார்கள், நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் அங்கே தங்குகிற கூட்டமே பெரிசு, அதனால் இரவு பத்து மணிக்கும் ஸ்ட்ராடுனில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பு நடந்த இடங்களைத் தேடி வருபவர்கள் வேறு.

அறை எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. டுப்ரோவ்னிக்கில் "ஸ்ட்ராடுனிலிருந்து இரண்டு நிமிடம்" என்று போட்டிருந்தால் வடக்குப் பக்கச் சந்தா என்று கேளுங்கள், அங்கே எல்லாம் செங்குத்துப் படிக்கட்டு, பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். கோட்டோர் சமதளம், ஆனால் மதிலுக்குள் மதுக்கடைச் சத்தம் கல்லில் எதிரொலித்து நள்ளிரவு தாண்டியும் காதைக் குடையும். தூக்கம் முக்கியம் என்றால் நீரோரமாகப் பதினைந்து நிமிட நடையில் இருக்கும் தோப்ரோட்டாவில் எடுங்கள். நான் கோட்டோர் கோட்டோர் என்று சொன்னாலும் படுப்பதற்குத் தோப்ரோட்டாதான்.

விசாதான் பலர் கோட்டைவிடும் இடம். குரோஷியா 2023 முதல் ஷெங்கனில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது, மாண்டினீக்ரோ இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் மாண்டினீக்ரோவுக்குத் தனி விசா வேண்டாம், 30 நாள் வரை இருக்கலாம். போவது சுலபம், திரும்புவதுதான் சிக்கல். உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால், டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் பார்க்கக் கிளம்பிய நிமிடமே அது தீர்ந்துபோகும், சாயங்காலம் எல்லையில் உள்ளே விட மாட்டார்கள். ஒரு வழி உண்டு: இஸ்தான்புல் வழியாக நேரே கோட்டோர் பக்கத்து திவாட் விமான நிலையத்தில் இறங்கி, மாண்டினீக்ரோவை முடித்துவிட்டு, கடைசியில் டுப்ரோவ்னிக்குள் நுழையுங்கள். டிக்கெட் போடுமுன் விதிகளைத் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் மாற்றும் கவலை இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் மாண்டினீக்ரோவிலும் யூரோதான். எல்லையில் கோடைக்கால வரிசை ஒரு மணி நேரமும் ஆகும், மூன்றும் ஆகும். ஒரே நாளில் இரண்டு தடவை அந்த வரிசையில் நிற்பது யாருக்கு வேண்டும்?

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பாடுதான்: கீரையும் உருளைக்கிழங்கும் மசித்த பிளிட்வா, பேக்கரியில் சீஸ் வைத்த பூரேக், பீட்சா. விலை டுப்ரோவ்னிக்கில் கூடுதல். மீன் தின்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கோட்டோரில் மிச்ச நாட்களில் என்ன செய்வது என்றால், 12 கிலோமீட்டரில் பெராஸ்ட் இருக்கிறது. அங்கிருந்து படகில் ஐந்து நிமிடத்தில், கல்லைக் கல்லாகக் கடலில் போட்டு மனிதர்களே உண்டாக்கிய தீவில் ஒரு மாதா கோயில். ஜூலை 22 சாயங்காலம் ஊர்க்காரர்கள் இன்றும் படகு கட்டிப் போய்க் கல் போடுகிறார்கள். டுப்ரோவ்னிக்கில் இதற்கு ஈடாக லோக்ரும் தீவைச் சொல்வார்கள். நீந்த நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

என் தீர்ப்பு மே முதல் அக்டோபர் பாதி வரைதான் செல்லும். நவம்பரிலிருந்து கோட்டோர் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் விடாது, ஐரோப்பாவிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று அந்த வளைகுடாவின் மேல் மலையில்தான் இருக்கிறது. வெயிலையும் மலைகள் சீக்கிரமே மறைத்துவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் டுப்ரோவ்னிக்கிலேயே தங்குங்கள், மதில் கட்டணமும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். முடிந்தால் பிப்ரவரி 3ஐச் சேர்த்துப் போடுங்கள், அன்றுதான் புனித பிளேஸ் திருவிழா.