குதிரையேற்ற சம்மர் கேம்ப்னு 14,500 ரூபாய் போச்சு. குமரி மாவட்டத்துல பிள்ளைங்களைச் சேர்க்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

கை நடுங்கிட்டுதான் எழுதுறேன். அரை மணி நேரத்துக்கு முன்னாடி அந்த கேம்ப் நடத்துற ஆளு என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். இந்த லீவுல இன்னும் எத்தனை பேரு பிள்ளைங்களை அங்க கொண்டு விடப் போறாங்களோன்னு நெனச்சா சும்மா இருக்க முடியல. பேரு போடல. ஆரல்வாய்மொழி பக்கம், காத்தாலை காத்தாடி தெரியுற ஒரு தென்னந்தோப்புல நடக்கிற குதிரையேற்றப் பயிற்சி முகாம். 8 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் சேர்த்துக்கிறாங்க. சேர்க்கும் முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

என் மகளுக்கு 12 வயசு. குதிரை ஆசை அவளுக்கு இன்னைக்கு நேத்து வந்ததில்ல. மூணாவது படிக்கும்போது பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனோம். பூமுகம்னு சொல்ற முகப்பு மண்டபத்துல தொங்குற குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிக்கும்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் இவ அந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்னு அழுதா. அன்னையில இருந்து நோட்டு அட்டையில குதிரை, என் தையல் மிஷின் பலகையில சாக்பீஸால குதிரை.

நான் வீட்டுலயே தையல் எடுக்கிறவ. லைனிங் வச்ச பிளவுஸ் ஒண்ணுக்கு 350 ரூபாய் வாங்குறேன். 10 நாள் கேம்புக்கு அவங்க கேட்டது 14,500. 41 பிளவுஸ் தைச்சாலும் அந்தத் தொகை நெறயாது. கல்யாண சீசன்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் மிஷின் மிதிச்ச பைசா அது. அவளுக்குத் தெரியாம சேர்த்து வச்சிருந்தேன்.

ரீல்ஸ்ல பாத்ததும் உடனே கட்டிடல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேர்ல போய்ப் பாத்தோம். அங்கதான் ஏமாந்தேன். கேம்ப் நடத்துற அந்த ஆளு ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டு வந்து நிறுத்தினாரு. மகள் கையில ஒரு துண்டு கருப்பட்டியை வச்சு, "விரலை மடக்காத மக்களே, உள்ளங்கையைத் தட்டு மாதிரி வச்சுக்கோ"ன்னு அவ கையைப் புடிச்சுக் காட்டினாரு. குதிரை உதட்டாலயே அதை எடுத்துக்கிச்சு, பல்லே படல. அவ சிரிச்ச சிரிப்பை நான் ரெண்டு வருஷமா பாத்ததில்ல. உள்ள அஞ்சு குதிரை நிக்குது, சர்டிபிகேட் வாங்கின பயிற்சியாளர் ரெண்டு பேரு, எல்லாருக்கும் ஹெல்மெட், ஒரு பிள்ளைக்கு தெனமும் அரை மணி நேரம் சவாரின்னு சொன்னாரு. பிள்ளை கையை அவ்வளவு பதமா புடிச்ச ஆளு ஏமாத்துவாருன்னு தோணுமா? நின்ன எடத்துலயே ஜிபேயில 14,500 போட்டேன். பேரைப் பாத்தா கேம்ப் பேரு இல்ல, யாரோ ஒருத்தரோட சொந்தப் பேரு. ரசீது கேட்டேன். "வாட்ஸ்அப்ல வரும்க்கா"ன்னாரு. இன்னைக்கு வரைக்கும் வரல.

முதல் நாள் போனா 27 பிள்ளைங்க. குதிரை ரெண்டு. அந்த வெள்ளைக் குதிரையைக் காணோம். கேட்டா கல்யாண ஊர்வலத்துக்குப் போயிருக்காம். அது வாடகைக் குதிரைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மிச்சம் ரெண்டுல ஒண்ணு பின்னங்கால் ஊன்ற முடியாம நிக்குது. சேணம் உரசி முதுகுல புண்ணு, அதுல ஈ மொய்க்குது. பெயின்ட் வாளியில அடியில கொஞ்சம் பாசி புடிச்ச தண்ணி. வாயில்லா சீவனை அப்படிப் பாக்கவே முடியல. ஹெல்மெட்டுன்னு வச்சிருந்தது நாலு, நாலுமே சைக்கிள் ஓட்டப் போடுறது. பயிற்சியாளருன்னு நின்னது காலேஜ் படிக்கிற வயசுல ஒரு பையன். ஒவ்வொரு பிள்ளையையும் ஏத்தி, கயித்தைப் புடிச்சு ரெண்டு சுத்து நடத்தி எறக்கினான். என் மகளுக்குக் கெடச்சது 4 நிமிஷம். மிச்ச நேரம் பூரா வெயில்ல ஒக்காந்திருந்தா. அவ மட்டும் ஒரு குறையும் சொல்லல. "நாளைக்கு வெள்ளைக் குதிரை வந்துரும்மா"ன்னு எனக்கு ஆறுதல் சொல்றா.

மூணாம் நாள்தான் அதைப் பாத்தேன். குதிரை வயித்தைச் சுத்தி சேணத்தை இறுக்குற பட்டை. பக்கிள் பக்கத்துல தையல் விட்டுப்போய், சாக்கு தைக்கிற சணல் நூலால யாரோ கையால நாலு குத்து குத்தி முடிச்சுப் போட்டிருக்காங்க. பழைய தையல் ஓட்டையெல்லாம் கிழிஞ்சு ஒண்ணா சேர்ந்திருந்துச்சு. 17 வருஷமா தைக்கிறேன். எந்தத் தையல் இழுப்பு தாங்கும், எது தாங்காதுன்னு எனக்குப் பாத்தாலே தெரியும். அந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன், "சார், இது தாங்காது, புதுசு மாத்துங்க"ன்னேன். அவரு சிரிச்சுட்டே, "அக்கா, இது குதிரைச் சமாச்சாரம், பிளவுஸ் இல்ல"ன்னாரு. சுத்தி நின்ன ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் பேசாம வந்துட்டேன். அன்னைக்கே பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கணும். வரல.

நாலாம் நாள், மே மாசக் காத்து ஆரல்வாய்மொழி கணவாய்ல எப்படி அடிக்கும்னு நம்ம ஊருக்காரங்களுக்குத் தெரியும். தோப்புல ஒரு ஓலை விழுந்த சத்தத்துக்குக் குதிரை லேசா மிரண்டுச்சு, அவ்வளவுதான். பட்டை விட்டுப் போச்சு. சேணம் அப்படியே ஒரு பக்கமா சரிஞ்சு, என் மகள் அதோட சேர்ந்து கீழ போனா. ஒரு கால் அங்கவடிக்குள்ள, அதான் சேணத்துல தொங்குற கால் வைக்கிற வளையத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. குதிரை ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது. அது ஒரு அடி கூட நகராம நின்னுச்சு. அந்தப் புண்ணு முதுகுக் குதிரைதான்.

முதலுதவிப் பெட்டின்னு ஒண்ணு அங்க இல்ல. "வீட்டுல போய் ஐஸ் வைங்க, குதிரைன்னா ரெண்டு தடவை விழத்தான் செய்யும்"னு சொன்னாரு. ஆட்டோ புடிச்சு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு முறியல, ஆனா முழங்கை நல்லா கிழிஞ்சிருந்துச்சு. குதிரைச் சாணி கெடக்குற மண்ணுல பட்ட காயம்னு சொன்னதும் முதல் வேலையா ரணஜன்னி வராம இருக்க டிடி ஊசி போட்டாங்க.

அதுக்கப்புறம் பைசாவைத் திருப்பிக் கேட்டு நடந்த நடையைச் சொன்னா உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். முதல் நாள் "ஓனர் வெளியூர் போயிருக்காரு". மறுநாள் "நீங்களா நிறுத்தினா ரீபண்ட் கெடையாது, ரூல்ஸ்ல இருக்கு". எந்த ரூல்ஸ், யாரு காட்டினா? எங்க அண்ணன் நேர்ல போனாரு. அவருக்கு சாயா வாங்கிக் குடுத்து, "அடுத்த பேட்ச்ல ப்ரீயா சேர்த்துக்கிறோம் அண்ணே"ன்னு அனுப்பி வச்சாங்க. எனக்கு அடுத்த பேட்ச் வேண்டாம், என் 14,500 வேணும்னு போன்ல சொன்னேன். "சரிக்கா, பாதி தாறேன், டிசம்பர் கேம்புக்குக் கூப்பனா"ன்னாரு. கேம்ப் வாட்ஸ்அப் குரூப்புல அந்தப் பட்டையோட போட்டோவைப் போட்டேன். ரெண்டு நிமிஷத்துல என்னைத் தூக்கிட்டாங்க. கடைசியா நேத்து ராத்திரி "பைசா குடுத்ததுக்கு ரசீது இருக்கா?"ன்னு ஒரு மெசேஜ். குடுக்காத ரசீதை என்கிட்ட கேட்கிறாரு! அதுக்குப் பதில் எழுதினேன், இன்னைக்கு பிளாக்.

குரூப்புல இருந்த இன்னொரு அம்மா தனியா மெசேஜ் போட்டிருந்தாங்க. அவங்களுக்கும் 14,500 தான். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பிரச்சனை ஆகும், என் பேரைச் சொல்லிடாதீங்கன்னாங்க. இப்படி எல்லாரும் வாயை மூடிக்குவோம்னு தெரிஞ்சுதானே அவங்க அடுத்த பேட்ச் போஸ்டர் ஒட்டுறாங்க.

விவரமா எழுதணும்னு நெனச்சேன், இப்ப முடியல. முக்கியமானதை மட்டும் சொல்றேன். அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தரு சென்னை போலீஸ் குதிரைப்படையில இருந்து ரிட்டயர் ஆனவரு, அவரு சொன்னது. பட்டையை இறுக்கும்போது குதிரை வயித்தை உப்ப வச்சுக்குமாம். அதனால பிள்ளையை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கொஞ்சம் நடத்திட்டு இன்னொரு தடவை இறுக்கிப் பாக்கணும். பாக்காதவன் பயிற்சியாளரே கெடையாது. சைக்கிள் ஹெல்மெட் ஆகாது, குதிரையேற்றத்துக்குன்னே தனி ஹெல்மெட் உண்டு. செருப்பு போட்டு ஏத்தக்கூடாது, அங்கவடிக்குள்ள கால் நழுவிப் போகாம இருக்க லேசா குதிகால் உயர்ந்த ஷூ வேணும். குதிரை முதுகைத் துணி தூக்கிப் பாருங்க, புண்ணு இருந்தா திரும்பி வந்துடுங்க. முழுப் பைசாவையும் முதல்லயே கட்டாதீங்க, ரசீது இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915. அங்க பதிஞ்சாச்சு. நாகர்கோவில்ல நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாம நாமளே குடுக்கலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள குடுக்கணும். நாளைக்குக் காலைல மனுவோட போறேன். அந்தத் தோப்புல பைசா கட்டினவங்க யாராவது இதைப் படிச்சா, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அழிச்சிடாதீங்க.