காஜார் தோமானா, பஹ்லவி பொற்காசா?

மன்னர் முகம் பொறித்த ஈரானியப் பொற்காசை வாங்க விரும்புவோர், 19ஆம் நூற்றாண்டின் காஜார் வம்ச மன்னர் நாசிருத்தீன் ஷாவின் தோமானுக்கும், ஈரானின் கடைசி மன்னரான பஹ்லவி வம்சத்து முகமது ரேசா ஷாவின் பஹ்லவிக்கும் இடையே தயங்குகின்றனர்.

எடை: எந்திரத்தில் அச்சான தோமான் ஏறத்தாழ 2.87 கிராம், பஹ்லவி 8.136 கிராம்.

தங்கம்: இரண்டும் 90 விழுக்காடு தூய்மை கொண்டவையாயினும், பஹ்லவியிலுள்ள 7.32 கிராம் தங்கம் பிரிட்டிஷ் பொற்காசான சவரனிலுள்ள தங்கத்துக்கு ஈடாக இருப்பதால் அதன் விலையைக் கணிப்பது எளிது.

உருவம்: தோமானில் இறகு சூடிய தொப்பியும் படைத்தலைவர் உடையும் நுணுக்கமாகத் தெரியும், இந்த அழகுக்கு ஈடில்லை. பஹ்லவியில் மன்னர் வெறுந்தலையுடன் இருப்பார், மறுபுறம் சிங்கமும் சூரியனும்.

ஆண்டு: தோமானில் சந்திர ஹிஜ்ரி (நிலவை வைத்துக் கணக்கிடும் இஸ்லாமிய ஆண்டு); பஹ்லவியில் சூரிய ஹிஜ்ரி (சூரியனை வைத்துக் கணக்கிடும் ஈரானிய ஆண்டு), கடைசிக் காசுகளில் மட்டும் 2535 போன்ற பேரரசு ஆண்டுகள் (பண்டைப் பாரசீகப் பேரரசர் சைரஸின் காலத்திலிருந்து எண்ணப்படுபவை).

நிலை: பழைய தோமான்கள் பல பதக்கமாக அணியப்பட்டவை என்பதால், விளிம்பில் பற்றவைப்புத் தழும்பு உள்ளதா என்று உருப்பெருக்கியால் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

சேமிப்புக்குப் பஹ்லவி பொருந்தும். காஜார் காலக் கலையை விரும்பிச் சேகரிப்பவர், தங்க மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்தேனும் தழும்பற்ற தோமானையே தேடலாம்.