கொரோனா உதவித்தொகை என் பெயரில் வந்தது, வேறு ஒருவர் கணக்கில் விழுந்தது: அமெரிக்காவில் படிப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வர வேண்டிய 1,000 டாலர் கொரோனா உதவித்தொகை, 2021 செப்டம்பரில் முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. அந்தக் கணக்கு எண் கல்லூரி இணையதளத்தில் உள்ள என் பக்கத்தில் பதினேழு மாதமாக இருந்திருக்கிறது. நான் ஒரு முறைகூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் முதுகலை படிக்க டெக்சாஸ் வந்தேன். கல்லூரி உணவகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை. வாடகை, மளிகை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். 2020 மார்ச்சில் வசந்த விடுமுறைக்குப் போன கல்லூரி அப்படியே மூடிக்கொண்டது. உணவகமும் மூடியது. திருப்பூரில் அப்பாவின் சின்ன தையல் யூனிட்டில், வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுபோனது. ஊருக்குப் போய்விடலாம் என்றால் மார்ச் 22 முதல் இந்தியாவில் சர்வதேசப் பயணிகள் விமானம் இறங்கவே அனுமதி இல்லை. அப்பாவிடம் பணம் கேட்க வாய் வரவில்லை. "சாப்பிட்டியா கண்ணு?" என்று அம்மா கேட்டால் மட்டும் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டம் வந்தது. மார்ச் 27 அன்று கையெழுத்தானது. ஏப்ரல் 9 அன்று, மாணவர்களுக்கு நேரடி உதவியாக மட்டும் 600 கோடி டாலருக்கு மேல் கல்லூரிகளுக்குப் போகிறது என்று அன்றைய கல்விச் செயலர் பெட்சி டிவோஸ் அறிவித்தார். செய்தி வந்த அடுத்த நாளே நம் ஊர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு: "எஃப்-1 பசங்களுக்கும் கிராண்ட் உண்டு, ஃபாஃப்ஸா போட்டால் போதும், உதவி வேண்டுமென்றால் தனியாகப் பேசுங்கள்."

ஃபாஃப்ஸா என்பது அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம். அந்தப் பதிவைப் போட்டவரிடம் நான் பேசினேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. முதல் ஐந்து நிமிடம் பணத்தைப் பற்றியே பேசவில்லை. ஊர் கேட்டார், அப்பா தொழில் கேட்டார். "நம்ம ஊர்ப் பொண்ணு, அண்ணன் பார்த்துக்கறேன்மா" என்றார். கட்டணம் 150 டாலர், பணம் வந்ததும் பத்து சதவீதம். நானும் "சரிங்கண்ணா" என்று ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக 150 டாலர் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு. ஜூம் அழைப்பில் அவர் திரையைக் காட்டிக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்பினார். அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் முன்பே வாங்கியிருந்தார். "உன் கல்லூரிப் பக்கத்துல ஃபைனான்ஷியல் எய்டு நிலவரம் பார்க்கணும், பாஸ்வேர்டு சொல்லும்மா" என்றார். சொன்னேன். நுழைவது நீங்கள்தானா என்று ஃபோனில் வந்த கேள்விக்கு நானே "ஆம்" என்று அழுத்தினேன்.

குடியுரிமைக் கேள்வி வந்தது. அமெரிக்கக் குடிமகன், தகுதியுள்ள அயல்நாட்டவர், இரண்டும் இல்லை என்று மூன்று விடைகள். அவர் அம்புக்குறி இரண்டாவதில் போய் நின்றது. "அண்ணா, அது கிரீன் கார்டு உள்ளவங்களுக்குத்தானே?" என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் டிக் பண்றாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். அயல்நாட்டவர் பதிவெண் கேட்ட கட்டத்தில் ஏதோ எண்ணைத் தட்டினார். கடைசியில் கையெழுத்துப் பக்கம். பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கை கால் நடுங்கிவிட்டது. "வேண்டாம்ணா, விட்டுடுங்க" என்றேன். அரை மணி நேரம் சமாதானம் சொன்னார். நான் அசையவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதும் அழைப்பைத் துண்டித்தார். மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

கல்லூரிக் கடவுச்சொல்லை அன்று இரவே மாற்றினேன். 150 டாலரோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, கூட்டாட்சிக் கல்வி உதவி பெறத் தகுதியுள்ள மாணவர்களுக்கு மட்டுமே இந்தப் பணம் என்று கல்வித் துறை விளக்கம் கொடுத்தது. எஃப்-1 மாணவர்கள் அதில் வர மாட்டார்கள். அதாவது எங்களுக்குப் பணம் உண்டு என்று அந்த ஆள் சொன்னதே பொய். யாரிடமும் சொல்லவில்லை. விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எங்களுக்கு இருக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

2021 மே மாதம் விதி மாறியது. 2020 மார்ச் 13 அன்றோ அதற்குப் பிறகோ கல்லூரியில் பதிவில் இருந்த மாணவர்கள், எந்தக் குடியுரிமையாக இருந்தாலும், இந்த நிதிக்குத் தகுதி பெறலாம் என்று அப்போதைய கல்விச் செயலர் மிகெல் கார்டோனா தலைமையிலான கல்வித் துறை அறிவித்தது. தொற்றால் என் ஆய்வறிக்கை தள்ளிப்போனதில் செப்டம்பரிலும் நான் மாணவியாகவே இருந்தேன். கல்லூரியே ஒரு படிவம் அனுப்பியது. ஒரே பக்கம். கட்டணம் இல்லை, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, ஃபாஃப்ஸா இல்லை. கஷ்டம் என்ன என்று நான்கு வரி எழுதச் சொன்னார்கள், அவ்வளவுதான். பத்து நாளில் "1,000 டாலர் உங்கள் கணக்கில் செலுத்தப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்தது. அன்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பணம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கட்டண அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி கணக்கின் கடைசி நான்கு எண்களைப் படித்தார். என் கணக்கு இல்லை. எப்போது சேர்த்தது என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். ஏப்ரல் 18, 2020, இரவு 11:40.

அந்த நேரம் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "பயப்படாதேம்மா, அண்ணன் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நிமிடங்களில், வேறு ஜன்னலில், கல்லூரி தரும் பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்று பதியும் என் ரீஃபண்டு பக்கத்தைத் திறந்து தன் கணக்கைச் சேர்த்திருக்கிறார். கணக்கு மாறினால் மின்னஞ்சல் வரும். ஆனால் கல்லூரி மின்னஞ்சலும் அதே கடவுச்சொல்லில்தான் திறக்கும். வந்ததை அவரே அழித்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் கழித்து எங்களுக்கு கிராண்ட் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று முதலில் குழம்பினேன். அதே வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பெண்ணிடம் பேசிய பிறகுதான் புரிந்தது. அவள் விடுதியில் இருந்தவள். 2020 வசந்தத்தில் விடுதிகளை மூடிய கல்லூரிகள் பல, மீதி நாட்களுக்கான அறை வாடகையையும் உணவுத் திட்டப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தன. அவளுக்கு வர வேண்டியதும் வந்து சேரவில்லை. அவர் குறி வைத்தது அந்த ரீஃபண்டுகளை. நான் வெளியே வாடகை வீட்டில் இருந்ததால் அப்போது தப்பித்தேன். கிராண்ட் வந்தபோது மாட்டிக்கொண்டேன். அந்தக் குழுவில் இன்னொருவர் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்தே போட்டுவிட்டார். குடியேற்ற வழக்கறிஞரிடம் போய் நிற்கிறார்.

கல்லூரி என்ன செய்தது என்று கேட்பீர்கள். "பதிவில் இருந்த கணக்குக்கு அனுப்பிவிட்டோம், எங்கள் தரப்பில் முடிந்தது" என்றது கட்டண அலுவலகம். மூன்று முறை போன பிறகுதான் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். வந்த அன்றே அந்தக் கணக்கு காலியாகியிருந்தது. ஒரு மாணவியின் பக்கத்தில் நள்ளிரவை ஒட்டி புதுக் கணக்கு சேர்க்கப்படுகிறது, பதினேழு மாதம் கழித்து முதல் பணம் அதில் போகிறது. அனுப்பும் முன் ஒரு ஃபோன் செய்து கேட்டிருக்கக்கூடாதா? இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. சர்வதேச மாணவர் அலுவலகம் மட்டும் பொறுமையாகக் கேட்டது. ஏமாற்றப்பட்டதைச் சொன்னதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அங்கே சொன்னபோது அழுதுவிட்டேன். 2020-லேயே போயிருக்க வேண்டிய இடம் அது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இந்த நிதிக்கு மாணவர் நேரடியாக அரசிடம் விண்ணப்பிக்க வழியே இருந்ததில்லை. அரசு கல்லூரிக்குக் கொடுத்தது, யாருக்கு எவ்வளவு என்று கல்லூரி முடிவு செய்தது. நடுவில் எந்த அண்ணனுக்கும் வேலை இல்லை. ஃபாஃப்ஸாவும் இலவசம், அதுவும் எஃப்-1-க்குப் பொருந்தாது. அந்த நிதி இப்போது கிடையாது; எந்த உதவியாக இருந்தாலும் உங்கள் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்டு அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: கட்டணப் பாக்கி இருந்தால் இந்தத் தொகையை அதில் கழித்துக்கொள்ள, மாணவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தாக வேண்டியிருந்தது. எந்தப் படிவம் வந்தாலும் அப்படி ஒரு கட்டத்தைப் படிக்காமல் டிக் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே யாரிடமாவது கடவுச்சொல் கொடுத்திருந்தால், அதை மாற்றினால் மட்டும் போதாது. இன்றிரவே கல்லூரிப் பக்கத்தில் ரீஃபண்டு, நேரடி வரவு என்று இருக்கும் இடங்களைத் திறந்து, அங்கிருக்கும் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். மின்னஞ்சல் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் போயிருந்தால் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும், உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட்டை முடக்கி வையுங்கள், கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்தின் ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதியுங்கள். என் பெயரில் அவர் தொடங்கிய ஃபாஃப்ஸா கணக்கை நான் போன மாதம்தான் முடக்கினேன்.

கல்லூரிக் காவல் துறையில் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறேன். 2020 ஏப்ரலில் "அண்ணன் பார்த்துக்கறேன்" என்ற அதே பேச்சை நம்பி ஜூமில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். பணம் அனுப்பிய ஜெல் ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். நாங்கள் இப்போது மூன்று பேர் இருக்கிறோம், நான்காவது ரசீதும் கிடைத்தால் விசாரிக்கும் அதிகாரிக்கு உதவியாக இருக்கும்.