டீசல் ஏறாத இன்போர்டு எஞ்சின்: ஃபில்டரை மாற்றுவதா, கேனை வைத்துப் பார்ப்பதா?

படகின் உள்ளே பொருத்தப்பட்ட இன்போர்டு டீசல் எஞ்சின் சும்மா ஓடவிட்டால் சீராக ஓடி, கியர் போட்டு வேகத்தைக் கூட்டிய சற்று நேரத்தில் ஏறி இறங்கி ஓடி, இழுவை குறைந்து, கடைசியில் அணைந்தும் போகிறது என்றால், கூட்டப்புளியிலிருந்து உவரி வரையுள்ள நெல்லைக் கடற்கரையில் யாரிடம் சொன்னாலும் 'டீசல் ஏறவில்லை' என்ற பதிலே முதலில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் சரியானதுதான். ஆனால் டீசல் எந்த இடத்தில் ஏறாமல் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு நான்கு வழிகள் உள்ளன. அவற்றுள் எதை முதலில் கையாள்வது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. ஃபில்டரை மாற்றிப் பார்ப்பது, தனிக் கேனிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது, உள்ளே ஓடுவது தெரியும் ஓஸைப் பொருத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, உறிஞ்சும் விசையைக் காட்டும் வேக்குவம் கேஜ் வைத்து அளப்பது ஆகியவையே அந்த நான்கு. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்பையும் நாசிலையும் கழற்றித் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ அனுப்புவதை ஐந்தாவது வழியாக நான் சேர்க்கவில்லை. அது கோளாறு இன்ன இடத்தில் என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. தெரியாமலே அதைச் செய்து பணத்தையும் தொழில் நாட்களையும் இழக்கிறவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எந்த வழியில் இறங்குவதற்கு முன்பும் புகையைக் கவனிக்க வேண்டும். டீசல் போதாத எஞ்சின் கரும்புகை விடுவதில்லை. எரிப்பதற்கே டீசல் குறைவாக இருப்பதால் அதிகப் புகையின்றி வேகம் விழும், இடையிடையே காற்று கலந்து வந்தால் வெண்புகையும் காட்டும். கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்று வரும் வழி அடைபட்டிருக்கலாம், புரொப்பல்லரில் வலைத்துண்டு சுற்றியிருக்கலாம், படகின் அடியில் சிப்பிபோல் ஒட்டி வளரும் கொட்டலசு படிந்திருக்கலாம். அப்போது டீசல் வழியைத் தொடவே தேவையில்லை. அதேபோல டேங்கின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதைக் காசு செலவில்லாமல் அறியலாம். எஞ்சின் தடுமாறும்போது டேங்கின் மூடியைத் திறந்தால் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, எஞ்சினும் தேறினால், கோளாறு அந்தச் சிறு துவாரத்தில்தான் இருக்கிறது.

இனி, டீசல் வரும் பாதையை மனத்தில் இருத்திக்கொள்வோம். டேங்கின் உறிஞ்சுகுழாய், திறந்து மூடும் வால்வு, தண்ணீரைப் பிரிக்கும் முதல் ஃபில்டர், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப், இரண்டாம் ஃபில்டர், டீசலை உயர் அழுத்தத்தில் நாசிலுக்குத் தள்ளும் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) பம்ப், நாசில், எஞ்சியதை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் என்பது பொதுவான வரிசை. டேங்க் எஞ்சினுக்குக் கீழே இருக்கும் படகில், ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள பகுதி முழுவதும் உறிஞ்சப்படும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே 'எங்கேயும் ஒழுகவில்லை' என்று சொல்வது அந்தப் பகுதிக்குச் சான்றாகாது. பம்புக்குப் பின்னால் உள்ள ஓட்டை மட்டுமே ஈரமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஃபில்டர். திசையன்விளையிலோ வள்ளியூரிலோ கடைக்குப் போய், 'அண்ணாச்சி, ஃபில்டர் ஒண்ணு குடுங்க' என்று வாங்கி வந்து மாற்றுவதைப்போல எளிய வேலை வேறில்லை. மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றியே ஆக வேண்டிய பொருளும் அது. இருந்தாலும் கோளாறு கண்டுபிடிக்கும் வழி என்ற அளவில் இதை நான்கிலும் கடைசியில் வைக்கிறேன். காரணம், பழைய ஃபில்டரைக் கழற்றும்போது பாதையைத் திறக்கிறோம், காற்று புகுகிறது, கிண்ணத்தின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் முன்பு இல்லாத புதிய ஓட்டை ஒன்று உண்டாகிறது. அதன் பிறகும் எஞ்சின் தடுமாறினால், அது பழைய கோளாறா, நாம் உண்டாக்கியதா என்று பிரித்தறிய முடியாது. எஞ்சின் நன்றாக ஓடிவிட்டாலும் பாதிப் பதில்தான் கிடைத்திருக்கிறது. ஃபில்டர் ஏன் அடைத்தது என்பது டேங்குக்குள் இருக்கிறது.

டேங்கைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் பாதி நிறைந்த டேங்கோடு படகு கிடந்தால், டேங்கின் வெற்றிடத்தில் உள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து நீராகி அடியில் சேர்கிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய வழுவழுப்பான கசடை உண்டாக்குகின்றன. கரையில் அந்தக் கசடு அடியிலேயே கிடப்பதால் எஞ்சின் ஒரு குறையும் காட்டாது. தடை முடிந்து இறங்கும் நேரமோ கச்சான் காற்று பலமாக வீசும் ஆனி, ஆடிக் காலம். அலையில் படகு குலுங்கக் குலுங்கக் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கிறது. கடலில் மட்டும் கோளாறு வருவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. இதற்கு எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் தீர்வு கிடைக்காது. டேங்கைக் காலி செய்து, உள்ளே துடைத்து, தடைக்காலத்துக்கு முன் டேங்கை நிறைத்து வைப்பதுதான் மருந்து. முதல் ஃபில்டரின் கிண்ணத்திலிருந்து கண்ணாடிப் புட்டியில் வடித்து, அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தால் அடியில் தண்ணீரும் கசடும் தனித்துத் தெரியும். புது ஃபில்டர் வாங்கும் முன் இதைச் செய்யலாம். மலிவு என்று துத்தநாகம் பூசிய தகரத்தில் டேங்க் செய்யாதீர்கள். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பிசுபிசுப்பான பொருளை உண்டாக்குகிறது.

அடுத்தது கேன். என் தேர்வு இதுதான், அதிலும் முதல் தேர்வு. சுத்தமான கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, ஃபீட் பம்பின் உள்வழியைப் படகின் குழாயிலிருந்து விடுவித்து, கேனிலிருந்து வரும் ஓஸில் இணைக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விட வேண்டும். இதை மறந்தால் கேனின் டீசல் டேங்குக்குப் போய்ச் சேர்ந்து கேன் விரைவில் வற்றிவிடும், சோதனையும் பொய்த்துவிடும். டீசல் எஞ்சின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும் என்ற கணக்கில், 20 குதிரைத்திறன் எஞ்சினுக்கு மணிக்கு 4 லிட்டர், 100 குதிரைத்திறனுக்கு 20 லிட்டர். ஆகவே ஒரு சாதாரணக் கேனே போதும்.

இப்படி ஓட்டும்போது எஞ்சின் தேறிவிட்டால், கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கிறது. தேறாவிட்டால் பம்பிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. ஒரே சோதனையில் பாதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது; மற்ற மூன்று வழிகளுக்கும் இந்தத் தெளிவு இல்லை. பிறகு அதே ஓஸை முதல் ஃபில்டருக்கு முன்னால் இணைத்து மீண்டும் ஓட்டினால், ஃபில்டர் குற்றவாளியா, அதற்கு முந்தைய வால்வும் டேங்கும் குற்றவாளிகளா என்பதும் தெரிந்துவிடும். அப்போது ஃபில்டர் வாங்கினால் காரணத்தோடு வாங்குகிறோம்.

கேனை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை. எஞ்சினுக்கு மேலே தூக்கி வைத்தால் டீசல் தன் எடையாலேயே இறங்கி வரும். நலிந்த ஃபீட் பம்பின் குறை மறைந்துவிடும். ஆகவே முதலில் டேங்கின் மட்டத்திலேயே கேனை வைத்து ஓட்ட வேண்டும். அப்போது தடுமாறி, கேனை உயர்த்தியதும் தேறினால், பம்பு நலிந்திருக்கிறது. கேனுக்கும் பம்புக்கும் இடையில் நாம் பொருத்திய இணைப்பு காற்று இழுத்தாலும் இப்படியே காட்டும் என்பதால், கிளாம்பை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பம்பைக் கழற்ற வேண்டும்.

இந்த வழிக்கு இரண்டு குறைகள் உண்டு. சுமை இல்லாமல் ஓட்டினால் இது எதையும் காட்டாது. கோளாறு முழு வேகத்தில் வருவதானால் சோதனையும் முழு வேகத்தில், கியரில் நடக்க வேண்டும். துறைமுகம் உள்ள தூத்துக்குடியிலோ சின்னமுட்டத்திலோ படகைக் கட்டிவைத்து இதைச் செய்வது எளிது. மணலில் இழுத்து ஏற்றும் ஊர்களில் அப்படி முடியாது. கடல்நீரால் குளிரும் எஞ்சினைக் கரையில் தண்ணீர் இன்றி ஓட்டினால் தண்ணீர் பம்பில் சுழலும் ரப்பர் இறக்கையான இம்பெல்லர் சில நிமிடங்களில் கருகிவிடும். ஆகவே படகை இறக்கி, அலை தணிந்த வேளையில் கேனைக் கட்டிவைத்து ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டாவது குறை, பெட்ரோல் எஞ்சினுக்கு இந்த முறை ஆகவே ஆகாது என்பது. மூடிய எஞ்சின் அறையில் திறந்த பெட்ரோல் கேன் என்பது வெடிப்புக்கு வழி.

குமிழி பார்க்கும் ஓஸைக் கேனுக்குப் போட்டியாக நிறுத்துகிறார்கள். எனக்கு இது கேனைத் தொடர்ந்து வர வேண்டியதாகவே தோன்றுகிறது. கோளாறு உறிஞ்சும் பகுதியில் என்று கேன் காட்டிய பிறகு, அது அடைப்பா, காற்றா என்று சொல்வது ஓஸின் வேலை. முதல் ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பொருத்தி, ஏர் எடுத்து, அதாவது பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஓட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வரும் சில குமிழிகளைப் பொருட்படுத்த வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதும் குமிழி ஓயாமல் வந்தால் காற்று நுழைகிறது. ஓஸை டேங்கை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால், குமிழி எந்த இணைப்புக்கு முன்னால் மறைகிறதோ அந்த இணைப்பே ஓட்டை. குழாயை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர், ஃபில்டர் கிண்ணத்தின் வளையம், அடியிலுள்ள தண்ணீர் வடிக்கும் திருகு, கையால் அடிக்கும் பிரைமரின் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் மேற்புறத்தில் விரிசல் இருந்தால் மட்டும் ஒரு விந்தை நிகழும்: டேங்க் நிறைந்திருக்கும்வரை கோளாறே இராது, டீசல் மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்று வரத் தொடங்கும். 'போகும்போது நன்றாக ஓடியது, திரும்பும்போதுதான் நின்றது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது என்பதைத்தான். குமிழி பார்க்கப் பொருத்திய ஓஸை நிரந்தரமாக விட்டுவிடக் கூடாது. சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் டீசலில் இறுகி வெடிக்கும், தீயையும் தாங்காது.

வேக்குவம் கேஜ் ஓஸுக்கு நேர் எதிரானது. ஓஸ் காற்றைக் காட்டும், அடைப்பைக் காட்டாது. கேஜ் அடைப்பைக் காட்டும், காற்றை அவ்வளவாகக் காட்டாது. முதல் ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இதைப் பொருத்தி, ஃபில்டர் புதிதாக இருக்கும்போது முழு வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். டீசலை ஒரு மீட்டர் உயரம் இழுப்பதற்கே ஏறக்குறைய 2.4 அங்குலப் பாதரச அளவு ஆகும் என்பதால், டேங்க் ஆழத்தில் உள்ள படகுக்கும் ஆழமில்லாத படகுக்கும் முள் ஒரே இடத்தில் நிற்காது. பிறர் படகின் அளவைத் தன் படகுக்குக் கொள்ளக் கூடாது. நாளடைவில் முள் ஏறினால் ஃபில்டரோ வால்வோ அடைகிறது. எஞ்சின் தடுமாறியும் முள் ஏறாவிட்டால் காற்று நுழைகிறது அல்லது பம்பு நலிந்திருக்கிறது. ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கேஜையே பயன்படுத்தலாம் என்றாலும், அதன் வேக்குவம் பகுதி 0 முதல் 30 அங்குலம் வரை ஒரு சிறு வளைவுக்குள் அடங்கிவிடுவதால், நமக்கு வேண்டிய இரண்டு மூன்று அங்குல மாற்றம் அதில் தெளிவாகத் தெரியாது. ஒருநாள் கோளாறுக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். பல நாள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகில் நிரந்தரமாகப் பொருத்தச் சொல்வேன். அடைப்பு எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே எச்சரிப்பது நான்கில் இது ஒன்றுதான்.

பம்புக்குப் பின்னால்தான் கோளாறு என்று கேன் காட்டினால் நிலைமை வேறு. இரண்டாம் ஃபில்டரைப் பார்த்த பிறகு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால், எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. நாசில் திறப்பது ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் என்பதை மறந்து விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; காயம் ஊசிக்குத்துப்போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாசிலையும் எஃப்.ஐ. பம்பையும் பெஞ்சில் சோதிக்க அனுப்புவது இதற்குப் பிறகுதான்.

இதுவரை சொன்ன வரிசை கரைக்கு உரியது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அதே வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கையிருப்பு ஃபில்டரை மாற்றி, இரண்டாம் ஃபில்டரிலிருந்து எஃப்.ஐ. பம்பு வரை ஏர் எடுப்பதே சரி. காரணம் தேடுவதற்கு அது இடமில்லை. அதற்கும் ஓடவில்லையென்றால் கேனை எஞ்சினுக்கு மேலே தூக்கிக் கட்டி, டேங்கையும் ஃபில்டரையும் விட்டு நேராக டீசல் கொடுத்துக் கரை சேரலாம். கரையில் கூடாது என்று சொன்ன உயரமே இங்கே உதவுகிறது. இதற்கு வேண்டிய ஓஸும் கிளாம்புகளும், ரிட்டர்ன் குழாய்க்கான இன்னொரு துண்டும், கரையிலேயே அந்த எஞ்சினில் பொருத்தி அளவு பார்க்கப்பட்டு, சுத்தமான டீசல் நிரம்பிய கேனோடு எஞ்சின் அறையில் கட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.