சும்மா இருக்கும்போதும் ஹார்ட் டிஸ்க் ஓடுகிறதா? ஐஓடாப், ஃபாட்ரேஸ் பயன்படுத்திய அனுபவம்

எதையும் திறக்காமல் விட்டிருந்தாலும் என் மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஓயவில்லை. ஐந்து வினாடிக்கு ஒருமுறை 'கரக்' என்று ஒரு சத்தம், கூடவே முன்பக்க விளக்கில் ஒரு மினுக்கல். இரவின் அமைதியில் அது மட்டும்தான் கேட்கும். லினக்ஸில் இப்படி வரும்போதெல்லாம் சில வருடங்களாக நான் நம்பியிருப்பது இரண்டு கருவிகளை: ஐஓடாப் (iotop), ஃபாட்ரேஸ் (fatrace).

எந்த ப்ரோகிராம் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டுவது ஐஓடாப். அதை ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமையோடு, ஓட்ட வேண்டும். திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து நிற்கும். ஆங்கில ஓ (o) எழுத்தை அழுத்தினால் உண்மையில் படிப்பதும் எழுதுவதுமாக இருப்பவை மட்டும் மிஞ்சும். அப்புறம் ஏ (a) எழுத்தை அழுத்துங்கள். அந்த வினாடியின் வேகத்துக்குப் பதில், அதுவரை யார் மொத்தம் எவ்வளவு எழுதினார்கள் என்று கூட்டிக் காட்டும். விட்டு விட்டு எழுதும் ப்ரோகிராம் வேகக் கணக்கில் சிக்காது, கூட்டுக் கணக்கில் சிக்கிவிடும். பத்து நிமிடம் அப்படியே ஓடவிடுவது என் வழக்கம்.

அன்று பட்டியலில் திரும்பத் திரும்ப மேலே வந்தது ஜேபிடி2. பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள், நானும் ஒரு வாரம் தவறினேன். ஜேபிடி2 (jbd2) என்பது லினக்ஸில் தட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமையின் ஜர்னலை, அதாவது மாற்றங்களின் பதிவேட்டை, எழுதும் கர்னல் இழை; லினக்ஸின் மையப்பகுதியான கர்னலே பின்னணியில் ஓட்டும் வேலை அது. ஏதோ ஒரு ப்ரோகிராம் ஒரு கோப்பைத் தொட்டால், அந்த மாற்றத்தைப் பதிவதுதான் அதன் வேலை. இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை பதியும்; நான் கேட்ட 'கரக்' அதுதான். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு வேலை கொடுப்பது யார் என்று தேட வேண்டும்.

அதற்குத்தான் ஃபாட்ரேஸ். எந்த ப்ரோகிராம் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்பதை நடக்க நடக்க வரிவரியாகக் காட்டும். எழுதுவதை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டினேன். ஒரே வரி மறுபடி மறுபடி ஓடியது: கோப்புகளை ஒத்திசைக்கும் ஒரு ப்ரோகிராமின் பெயர், பக்கத்தில் அதன் லாக் கோப்பின் (நடப்பதைக் குறித்துவைக்கும் கோப்பு) முழுப் பாதை. லாகைத் திறந்தால் வினாடிக்கு ஒரு பிழைச் செய்தி. நான் எப்போதோ கழற்றிவிட்ட ஒரு வெளித் தட்டிலுள்ள (வெளி ஹார்ட் டிஸ்க்) ஃபோல்டரை அது இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அமைப்பிலிருந்து அந்த ஃபோல்டரை நீக்கியதும் சத்தம் நின்றது. ஒரு வாரம் ஊகத்தில் போனது, கோப்பின் பெயர் தெரிந்ததும் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

எல்லாமே இப்படி ப்ரோகிராமின் கோளாறாக இருக்காது. புதிய தட்டை எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்தபின் எக்ஸ்ட்4லேசிஇனிட் (ext4lazyinit) என்று ஓர் இழை நெடுநேரம் எழுதிக்கொண்டிருக்கும். பெரிய தட்டென்றால் மணிக்கணக்காகும். ஃபார்மட்டின்போது தள்ளிப்போட்ட ஐநோடு அட்டவணை (கோப்புகளின் விவரங்களை வைத்திருக்கும் அட்டவணை) வேலையை அது முடிக்கிறது, விட்டுவிடுங்கள், தானாக ஓய்ந்துவிடும்.

ஃபாட்ரேஸுக்கும் எல்லை உண்டு. கோப்பை நினைவகத்தின் ஒரு பகுதி போலவே மேப் செய்து எழுதும் ப்ரோகிராம்களின் எழுத்து அதில் தெரியாது. ரேம் போதாதபோது அதிலுள்ளதைத் தட்டுக்கு மாற்றும் ஸ்வாப்பும் தெரியாது. ரேம் போதாமல் தட்டு ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்தால் விஎம்ஸ்டாட் (vmstat) என்ற கருவியை ஓட்டி, ஸ்வாப்பிலிருந்து வருவதையும் ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ (si), எஸ்ஓ (so) என்ற இரண்டு பத்திகளைப் பார்ப்பேன். அவை தொடர்ந்து பூஜ்யமாக இல்லாவிட்டால் ரேமைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. 5.14 கர்னலிலிருந்து ஐஓடாப்பின் ஐஓ சதவீதப் பத்தி (ஒரு ப்ரோகிராம் தட்டுக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம்) இயல்பாக வேலை செய்யாது, அதற்கான கணக்கெடுப்பை கர்னலே அணைத்து வைத்திருக்கிறது. கருவி கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். படித்தது, எழுதியது என்ற இரண்டு பத்திகளும் சரியாகவே வரும். இந்த வேலைக்கு அவை போதும்.