மங்குக்கு நான் போட்டுப் பார்த்தவை

இரண்டாவது பிரசவத்தோடு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு, அதாவது கருந்திட்டு, வந்து உட்கார்ந்துகொண்டது. மாமியார் ஜாதிக்காயைப் பாலில் உரசித் தந்தார். மணமாக இருந்தது, அவ்வளவுதான்.

தோல் டாக்டர் முதலில் எழுதித் தந்தது அசெலாயிக் ஆசிட் 20 சதவீத க்ரீம். தடவியதும் எறும்பு ஊர்கிற மாதிரி அரிக்கும், போகப்போக அடங்கிவிடும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் கர்ப்பிணிகளுக்குக்கூடக் கொடுக்கிற மருந்து, ஸ்டீராய்டு கிடையாது. க்ரீம்களில் என் ஓட்டு இதற்குத்தான்.

வேகம்தான் முக்கியம் என்றால் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த ட்யூப். டாக்டர் சொன்ன சில வாரங்களோடு நிறுத்தினால் நல்ல மருந்து. அட்டையிலேயே டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. பெரம்பூரில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் பவுடர் டப்பா மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள். என் நாத்தனார் அப்படி வாங்கி வருஷக்கணக்கில் பூசினார். மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. இப்போது கன்னத்தில் சிவப்பு நரம்பு கிளைவிட்டுத் தெரிகிறது, ரோமம் வேறு. நிறுத்தினால் முகம் எரிகிறது.

கிளைகாலிக் பீல், அதாவது ஆசிட் தடவித் தோலின் மேல்படலத்தை உரிக்கிற சிகிச்சை, செய்துகொண்டேன். முகம் பளிச்சென்று ஆனது, மங்கு லேசாகக் குறைந்தது. கொடுத்த காசுக்குப் போதாது. அதே கிளினிக்கில் லேசர் பேக்கேஜ் எடுக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு. பேசியது டாக்டர் இல்லை, முன்னால் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிற கவுன்சிலர். "திரும்ப வராதா?" என்றேன். "அதுக்குத்தான் மெயின்டெனன்ஸ் சிட்டிங் இருக்கே மேடம்!" நம் மாநிறத் தோலில் லேசர் பட்டு இன்னும் கறுத்துப்போவதும் உண்டு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

டிரனெக்ஸாமிக் மாத்திரையும் இருக்கிறது, அதிக உதிரப்போக்குக்குத் தருவார்களே, அதேதான். ரத்தம் உறைகிற வியாதி உள்ளவர்களுக்கு ஆகாது. அம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டு வந்ததைச் சொன்னதும் டாக்டர் எனக்கு எழுதவில்லை.

எதைப் போட்டாலும் சன்ஸ்க்ரீன் இல்லாமல் வீண்தான். அதிலும் சாதா சன்ஸ்க்ரீன் போதாது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தாலேயே மங்கு கறுக்கும். அந்த வெளிச்சத்தைத் தடுப்பது அயர்ன் ஆக்ஸைடு கலந்த டின்டட் வகை, அதாவது தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்க்ரீன். ஸ்கூட்டியில் அண்ணா நகர் வரை போய்வருகிற எனக்கு உருப்படியான வித்தியாசம் தெரிந்தது இதற்கு மாறிய பிறகுதான். வாங்கும்போது தாடையில் தடவிப் பாருங்கள், நிறைய பிராண்டுகளில் நம் நிறத்துக்கு ஷேடே இல்லை. அப்புறம் சென்னை வியர்வையில் வழிந்து காலரில் காவிக் கறை படியும். வெள்ளைச் சுடிதாரெல்லாம் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.